மார்பினுள் ஒரு நிழல்

சென்ற கிழமை எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை மாத்திரம் மேசையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தோம். வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. விஷயந்தான் அத்துணை எளிதானதன்று.

அவருடைய கணவருக்கு வயது 61. பத்தொன்பதாம் வயதிற் பற்றிய சிகரட்டை 54ஆம் வயதில் விட்டுவிட்டாராம். விடும்வரை நாளொன்றுக்குப் பதினைந்து. இப்பொழுது உடம்பில் ஒரு குறையுமில்லை. காலையிற் சைக்கிளில் ஏறிச் சந்தைக்குப் போய் வருகிறார். இந்நிலையில், இங்கிலாந்தில் வாழும் அவருடைய தமையனார் தொலைபேசியில் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். அங்கே சுகாதாரப் பகுதியினரே கடிதம் அனுப்பி அவரை அழைத்து, கடைத்தொகுதி வாசலில் நின்ற ஒரு பெரிய லொறியினுள் அவருடைய நெஞ்சைப் படம் பிடித்தார்களாம். “நாங்களும் ஒருக்கால் எடுத்துப் பார்த்தால் என்ன?” என்று சகோதரி கேட்க, “சும்மா கிடந்த சங்கை ஏன் ஊதிக் கெடுக்கப் பார்க்கிறாய்?” என்று சொல்லிப் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாராம் கணவர். யார் சொல்வது சரி என்பது கேள்வி. கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் உண்டு: “மகனுக்கு 28 வயது. அவனும் நாளைக்கு மூன்று சிகரட் பிடிக்கிறான் என்று அறிகிறேன். எடுப்பதானால் இருவருக்கும் ஒன்றாகவே எடுத்துவிடலாமா?”

இப்படியான கடிதங்களை ஆண்கள் எழுதுவதில்லை என்பதை நாம் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறோம். அது நிற்க.

கணவன், மனைவி இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சங்கை ஊதக்கூடாத வீடுகளும் உள; ஊதியே ஆகவேண்டிய வீடுகளும் உள. எந்த வீடு எது என்று பிரித்தறிவதற்கு மருத்துவ உலகம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அந்தக் கதையைச் சொன்னாலன்றிச் சகோதரியின் கேள்விக்கு நேரான விடை கூற முடியாது.

சுவாசப்பை ஒரு பொறுமைசாலி. பல்லில் ஊசிமுனையளவு பழுது உண்டானாலும் இரவு முழுவதும் நம்மை உறங்கவிடாது. சுவாசப்பையின் உட்பகுதியிலோ நோவை உணரும் நரம்புகள் இல்லையென்றே சொல்லலாம். அங்கே ஒரு புற்று முளைத்து, பயறளவாகிப் பின் பாக்களவாக வளரும்வரை, அதனை உடையவர் சந்தைக்குச் சைக்கிளிற் போய் வந்துகொண்டே இருப்பார். இருமலில் இரத்தம் காண்பதும், உடல் மெலிவதும், மூச்சு வாங்குவதும் பெரும்பாலும் பிந்தி வரும் செய்திகள். பயறளவில் இருக்கும்போது சத்திரவைத்தியர் அதனை அரிந்து எடுத்துவிடக்கூடும். வேறு உறுப்புகளுக்குப் பரவியபின் கத்திக்கு அங்கு வேலை குறைவு. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இந்நோயால் மாண்டனர். வேறெந்தப் புற்றுநோயும் இத்தனை உயிரைக் கொள்ளவில்லை.

ஆகவே, அறிகுறி தோன்றுமுன்னரே படம் பிடித்துப் பார்த்தால் என்ன என்று எவருக்கும் தோன்றும். அப்படித்தான் தோன்றியது. 1950இல் ரிச்சார்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள், இலண்டன் வைத்தியசாலைகளில் நோயாளரை விசாரித்து, சிகரட்டுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். (டோல் தாமும் புகைபிடித்து வந்தவர், ஆராய்ச்சியின் முடிவு தெளிவாகி வரும்போதே அதனைக் கைவிட்டார்.) யாருக்கு ஆபத்து மிகுதி என்பது இவ்வாறு தெரிந்துவிட்டது. கசநோயைத் தேடுவதற்கென ஊரூராகச் சென்ற எக்ஸ்றே வண்டிகளும் இருந்தன. இரண்டையும் சேர்த்தாற் போதுமே!

1960இல் இலண்டனில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஆடவர் ஏறக்குறைய 55,000 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்றாண்டுகள் எக்ஸ்றே எடுத்தனர். பின்னர் ஐக்கிய அமெரிக்காவில், புகழ்பெற்ற மேயோ வைத்திய நிலையத்தார் 1971இல் இன்னும் கடுமையான பரிசோதனை ஒன்றைத் தொடங்கினர். புகைபிடிக்கும் ஆடவர் 9,000 பேருக்கு மேல் அதில் இருந்தனர். ஒரு பகுதியினருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்றே, அத்துடன் சளிப் பரிசோதனை. மறு பகுதியினருக்கு வழமையான ஆலோசனை மாத்திரம்.

முடிவு விசித்திரமானது. அடிக்கடி சோதிக்கப்பட்டவருள் 206 பேருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மற்றவருள் 160 பேருக்கு. கண்டுபிடித்தபின் ஐந்தாண்டு வாழ்ந்தோர் விகிதமும் முதற் பகுதியில் இருமடங்கு. வெற்றி என்றுதானே சொல்லவேண்டும்? ஆனால் மாண்டவர்களை எண்ணிப் பார்த்தபோது, சோதிக்கப்பட்ட பகுதியில் 122 பேர். மற்றதில் 115 பேர். அதாவது, இத்தனை தேடலும் ஓர் உயிரைக்கூடக் காத்ததாகத் தெரியவில்லை. இலண்டனிலும் மரணக் கணக்கில் வேறுபாடென்று சொல்லத்தக்கது எதுவும் காணப்படவில்லை.

இது எவ்வாறு நிகழும்? புகையிரத நிலையத்தில் இருவர் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மேடையில் நிற்கிறார். மற்றவர் மேம்பாலத்தில் ஏறி நிற்கிறார். மேம்பாலத்தில் நிற்பவர் வண்டியை முன்னதாகவே கண்டுவிடுவார். “கண்டு பத்து நிமிடத்தின் பின்னரே வண்டி வந்தது” என்பார் அவர். “கண்டேன், உடனே வந்துவிட்டது” என்பார் மேடையில் நின்றவர். வண்டி வந்த நேரமோ ஒன்றுதான். முன்னதாகக் கண்டதனால் மட்டும் வண்டி பிந்தி வருவதில்லை. நோயை முன்னதாகக் கண்டவர் நோயுடன் கூடுதலான ஆண்டுகள் வாழ்ந்ததுபோலக் கணக்கிற் தோன்றும். மரணம் குறித்த நாளிலேயே வந்திருக்கும். அவருக்குக் கிடைத்தது ஆயுள் அன்று, கவலைப்படும் காலமே.

இன்னொன்றும் உண்டு. சில புற்றுகள் மிக மெதுவாக ஊர்பவை. அவற்றைத் தேடிக் கண்டுபிடியாதிருந்தால், அவற்றை உடையவர் வேறொரு காரணத்தால், முதுமையில், தமக்குள் ஒரு புற்று இருந்ததென்றே அறியாமற் கண்ணை மூடியிருப்பார். அத்தகையவற்றையும் எக்ஸ்றே பிடித்துத் தந்தது. கொல்லக்கூடிய புற்றையோ, அது நெஞ்செலும்புக்கும் இருதயத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கும்போது, காணத் தவறியது. ஆகவே கணவர் சொன்ன சங்குப் பழமொழியை மருத்துவர்களும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வார்த்தைதான் வேறு.

நிலைமையை மாற்றியது ஒரு புதிய கருவி. கிரமபோன் இசைத்தட்டு வெளியிட்டுப் பேர்பெற்ற ஈ.எம்.ஐ. கம்பனியிற் பொறியியலாளராக இருந்த கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்பவர், உடம்பைச் சுற்றிவர எக்ஸ் கதிரைச் செலுத்தி, கணினியின் உதவியால் உள்ளே இருப்பதைத் துண்டு துண்டாகப் படமாக்கும் வகையைக் கண்டார். 1971 ஒக்டோபரில் முதல் நோயாளியின் தலை இவ்வாறு படம் பிடிக்கப்பட்டது. 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று சி.ரி. என்று நாம் வழங்கும் படம் அதுவே. சாதாரண எக்ஸ்றே, ஒரு பாண் இறாத்தலை வெளியில் நின்று நிழல் பார்ப்பது போன்றது, சி.ரி. அதனை மெல்லிய துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் விரித்துப் பார்ப்பது போன்றது. உள்ளே ஒரு கல்லிருந்தால் எதில் அகப்படும் என்று பாண் வெட்டுகிற இல்லத்தரசிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

காலப்போக்கில், ஒருமுறை மூச்சை அடக்கி விடுவதற்குள் நெஞ்சு முழுவதையும் பிடித்துவிடும் வேகமும், குறைந்த கதிருடன் பிடிக்கும் முறையும் வந்து சேர்ந்தன. இந்தக் குறைந்த கதிர்ப் படம் ஒன்றினால் உடம்பிற் சேரும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஓராண்டில் நாம் இயல்பாகவே பெறுவதிலும் குறைவு.

எனினும், மேயோவிற் சுட்டுக்கொண்ட மருத்துவர்கள் இம்முறை எச்சரிக்கையாக இருந்தார்கள். கண்டுபிடித்தோரை எண்ணுவதில்லை, மாண்டோரையே எண்ணுவது என்று தீர்மானித்து, 2002இல் அமெரிக்காவில் ஒரு பேராராய்ச்சியைத் தொடங்கினர். 55 முதல் 74 வயதுவரையுள்ள, மிகுதியாகப் புகைபிடித்த 53,454 பேர் சேர்ந்தனர். பாதிப்பேருக்கு ஆண்டுக்கொரு முறையாக மூன்று முறை குறைந்த கதிர் சி.ரி.; மறு பாதிக்கு அவ்வாறே எக்ஸ்றே. 2011இல் வெளியான முடிவு இது: எக்ஸ்றே பகுதியிற் சுவாசப்பைப் புற்றுநோயால் மாண்டவர் 443 பேர், சி.ரி. பகுதியில் 356 பேர். நூற்றுக்கு இருபது குறைவு. பின்னர் ஒல்லாந்திலும் பெல்ஜியத்திலும் 15,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2020இல் வந்தது. பத்தாண்டு முடிவில் ஆடவரிடையே நூற்றுக்கு 24 குறைவு. சேர்ந்த பெண்களின் தொகை சிறிதாயினும், அவர்களுக்குக் கிடைத்த பயன் அதனிலும் கூடுதலாகவே காணப்பட்டது. இம்முறை வண்டி மெய்யாகவே பிந்தி வந்தது.

இவ்விடத்திற் சகோதரி, “அப்படியானால் நாளைக்கே கொழும்புக்குப் புறப்படலாம்” என்று எண்ணக்கூடும். சற்றுப் பொறுக்கவேண்டும். இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையையும் பார்க்கவேண்டும்.

அமெரிக்க ஆராய்ச்சியில் மூன்று சுற்றுக்குள், பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வருக்கு “ஏதோ தெரிகிறது” என்று ஒருமுறையேனும் சொல்லப்பட்டது. அவ்வாறு தெரிந்த நிழல்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்றுநோயே அல்ல. பழைய புண்ணின் தழும்பு, சிறு நிணக் கட்டி இப்படி ஏதாவதொன்று. பெரும்பாலோருக்கு இன்னொரு படம் எடுத்துப் பார்ப்பதோடு காரியம் முடிந்தது. சிலருக்கோ ஊசி குத்தி எடுக்கவும், நெஞ்சைத் திறந்து பார்க்கவும் நேர்ந்தது. ஒல்லாந்தர் நிழலின் அகலத்தை மாத்திரம் பாராது அதன் கன அளவைக் கணக்கிட்டு, சந்தேகமானவற்றைச் சில மாதம் பொறுத்து மீண்டும் அளந்து, வளர்வதை மட்டுமே நிபுணரிடம் அனுப்பினர். அதனால் அங்கு நூற்றுக்கு இரண்டு படங்களே அந்த நிலைக்குச் சென்றன. ஆயினும் அந்தச் சில மாதங்களைக் கழிப்பது எவ்வளவு கடினம் என்பதை, வைத்தியசாலை வாங்கில் முடிவுக்குக் காத்திருந்தவர்கள் அறிவார்கள். வீட்டில் விளக்கேற்றுவதற்கும் மனம் வராது.

நம் நாட்டுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கசநோய் ஒருகாலத்தில் வந்து மாறியவர்கள் நம்மிடையே பலர். அவர்களின் சுவாசப்பையில் அந்நோய் விட்டுச்சென்ற தழும்புகள் படத்தில் நிழலாகத்தான் விழும். அமெரிக்கக் கணக்கை அப்படியே எடுத்து இங்கே ஒட்டிவிட முடியாது.

ஆகவேதான், யாரைத் தேடுவது என்ற கேள்வி யாவற்றிலும் பெரிதாகிறது. அமெரிக்க ஆராய்ச்சியிற் சேர்ந்தவர்கள் எல்லோருமே கடும் புகைப்பழக்கம் உடையவர்கள். அவர்களுக்குள்ளேயே ஆபத்தின் அளவுப்படி ஐந்து பிரிவாக்கிப் பின்னர் கணக்குப் பார்த்தார்கள். ஆபத்து மிகக் கூடிய பிரிவில், ஓர் உயிரைக் காப்பதற்கு 161 பேரைப் படம் பிடிக்கவேண்டியிருந்தது. ஆபத்து மிகக் குறைந்த பிரிவிலோ ஓர் உயிருக்கு 5,276 பேர்! புகைபிடித்தவர்களுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு என்றால், சிகரட்டைத் தொட்டும் பாராத ஒரு நாற்பது வயதுக்காரர், ‘முழு உடற் பரிசோதனை’ என்ற விளம்பரத்தைக் கண்டு காசைக் கட்டிப் படுத்துக்கொண்டால் அவருக்கு எதிர்பார்க்கக்கூடிய பயன் எவ்வளவு? பொய்ந் நிழல் விழுவதற்குள்ள வாய்ப்பு மாத்திரம் அவருக்கும் குறைவில்லை.

புகைபிடியாதாருக்கு இந்நோய் வருவதேயில்லை என்று நாம் சொல்லவில்லை. கிழக்காசியப் பெண்களிடையே அவ்வாறு மிகுதியாக வருகிறது. தைவான் தேசத்தார் 2022இல் தொடங்கிய திட்டத்தில், பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளுள் எவருக்கேனும் சுவாசப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், புகைபிடியாதவரையும் குறித்த வயதுக்குமேற் சேர்த்துக்கொள்கிறார்கள். அது அந்நாட்டாரின் அனுபவத்தில் எழுந்த விதி.

அளவுகோல் என்னவென்று கேட்கலாம். மருத்துவர்கள் ‘பெட்டியாண்டு’ என்றொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு இருபது சிகரட் கொண்ட ஒரு பெட்டி வீதம் ஓராண்டு பிடித்தால் ஒரு பெட்டியாண்டு. நம்மவர் பெட்டியாக வாங்குவதிலும் தனித்தனியாகக் கடையில் வாங்குவதே கூடுதல் என்பதால், எண்ணிக்கையிலிருந்து தொடங்குவதே நல்லது. நாளுக்குப் பத்து வீதம் நாற்பதாண்டு என்றால் 20 பெட்டியாண்டு. சகோதரியின் கணவர் நாளுக்குப் பதினைந்து, 35 ஆண்டு: 26 பெட்டியாண்டுக்குச் சற்று மேல். அமெரிக்காவில் 2013இல் விதித்த விதிப்படி 30 பெட்டியாண்டு வேண்டும். ஆகவே அவர் அன்று சேரார். 2021இல் அதனை 20 ஆகக் குறைத்து, வயது 50 முதல் 80, புகையை விட்டுப் பதினைந்து ஆண்டுக்குள் என்று மாற்றினார்கள். ஆகவே இன்று சேர்வார். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தார் 2023இல், விட்டு எத்தனை ஆண்டானாலும் சரி என்று அந்தப் பதினைந்தாண்டு எல்லையையும் நீக்கிவிட்டனர். விட்டவருக்கு ஆபத்து ஆண்டுதோறும் குறைந்துகொண்டு போவது உண்மை. ஆனால் ஒருநாளும் பிடியாதவருடைய நிலைக்கு அது இறங்குவதில்லை. வயது ஏறுவது வேறு அதற்கு எதிராக நிற்கிறது. “அதுதான் விட்டுவிட்டேனே” என்பவர்களிடம் இதனை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

பீடியையும் சுருட்டையும் இக்கணக்கில் எவ்வாறு சேர்ப்பது என்று யாழ்ப்பாணத்து வாசகர் கேட்பார்கள். விதிகள் சிகரட்டை வைத்தே எழுதப்பட்டன. அவற்றைப் பிடித்தவர் தமக்கு விலக்கு உண்டென்று மகிழவேண்டாம். அவற்றின் புகையும் புற்றுநோய் விளைப்பதே. வைத்தியரிடம் உள்ளபடி சொல்லவேண்டியதுதான்.

இனித் தமையனார் ஏறிய லொறிக்கு வருவோம். இவ்வரலாற்றில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

கருவியும் வந்து, விதியும் எழுதியானபின், அமெரிக்காவில் யாவரும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. தகுதியுள்ளவர்கள் வரவில்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கிலும் நூற்றுக்கு 18 பேர் அளவிலேயே படம் எடுத்திருந்தனர். உடல்நலத்திற் கண்ணுங் கருத்துமாய் இருப்பவர் அழைத்தவுடன் ஓடிவருகிறார். அவருக்கு ஆபத்து குறைவு. நாற்பதாண்டு புகைபிடித்தவரோ வைத்தியசாலைப் பக்கம் தலைகாட்டுவதில்லை. போனால் ஏசுவார்கள் என்ற கூச்சம். “நானே தேடிக்கொண்டது, யாரிடம் முறையிடுவது?” என்ற குற்றவுணர்ச்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்துகொள்ளப் பயம். பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வது வவுனியாவில் மட்டும் நடக்கும் காரியமன்று.

மாஞ்செஸ்டர் நகர வைத்தியர்கள் 2016இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அந்நகரின் வறிய பகுதிகளைத் தெரிந்தெடுத்து, அங்குள்ள கடைத்தொகுதிகளின் வாகனத் தரிப்பிடங்களிலே சி.ரி. கருவி பூட்டிய லொறியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 55 முதல் 74 வயதுவரையுள்ள, எப்போதாவது புகைபிடித்தவர்களுக்குக் குடும்ப வைத்தியர் மூலம் கடிதம் போயிற்று. கடிதத்திற் ‘சுவாசப்பை நலப் பரிசோதனை’ என்றே அழைத்தார்கள். மரக்கறி வாங்க வந்தவர் ஏறி, தாதியுடன் இருந்து தம் வரலாற்றைச் சொல்லி, மூச்சின் வலிமையை அளக்கக் குழாயில் ஊதிக் காட்டலாம். ஆபத்துக் கூடியவர் என்று கணக்குக் காட்டினால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே படம். மற்றவரைப் படம் பிடிக்காமலே நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

வந்தவர்களுள் நான்கில் மூவர் இங்கிலாந்தின் மிக வறிய ஐந்திலொரு பங்கைச் சேர்ந்த வட்டாரங்களில் வாழ்பவர்கள். படம் பிடிக்கப்பட்டவர்களுள் 33 பேருக்கு ஒருவரிடம் புற்றுநோய் காணப்பட்டது. அப்படிக் கண்டவற்றுள் நூற்றுக்கு எண்பது ஆரம்ப நிலையில் இருந்தன. சந்தைக்குப் போன இடத்திற் கண்டுபிடிக்கப்பட்டவை! 2019இல் இங்கிலாந்தின் வேறு பகுதிகளுக்கும் இம்முறை பரவிற்று. 2023 யூன் மாதத்தில், தேசம் முழுவதற்கும் விரிக்கப்போவதாக அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தபோது, அதுவரையில் 2,000 பேருக்கு மேல் இவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் நூற்றுக்கு 76 பேர் ஆரம்ப நிலையினர். திட்டத்துக்கு வெளியே, 2019இல் அவ்விகிதம் நூற்றுக்கு 29 மாத்திரமே. இந்த விகிதங்களையும் மேம்பாலத்து மனிதரை மறவாமலே படிக்கவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மாண்டோரை எண்ணிய பெரிய ஆராய்ச்சிகள் இரண்டு பின்னால் நிற்பதால், இம்முறை மகிழ்வதற்கு நியாயம் உண்டு.

லொறிக்குள் இன்னொரு காரியமும் நடக்கிறது. இன்னும் புகைபிடிப்பவராயின், அதனை விடுவதற்கு உதவி செய்யும் பேச்சையும் அங்கேயே தொடங்கிவிடுகிறார்கள். படம் நன்றாக வந்தது என்று வாசலில் நின்று ஒன்றைப் பற்றவைத்துக்கொள்பவர் உண்டல்லவா?

சகோதரியே, இனி உங்களுக்கு.

மகனை முதலில் விட்டுவிடுங்கள், படத்துக்குத்தான் சொல்கிறோம். 28 வயதில் எந்த நாட்டு விதியும் அவரை ஏற்காது. ஏற்றாலும் நன்மையிலும் தொல்லையே கூடுதல். அவருக்குத் தேவையான மருந்து வேறு. டோலும் அவருடன் சேர்ந்தவர்களும் 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பிரித்தானிய வைத்தியர்களின் வாழ்வைத் தொடர்ந்து பார்த்து, 2004இல் வெளியிட்ட கணக்கு இது: முப்பது வயதளவிற் புகையை விட்டவர் பெறும் ஆயுள் பத்தாண்டு, நாற்பதில் விட்டவர் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதிலும் மூன்று. எந்தக் கருவியாலும் இவ்வளவைத் தர இயலாது. உங்கள் கணவர் 54இல் விட்டது வீண்போகவில்லை என்பதையும் இதனைக் கொண்டு அவரிடம் சொல்லலாம். ஏச்சுடன் தொடங்குவதிலும் இதனுடன் தொடங்குவது நல்லது.

கணவர் விஷயத்தில், அவர் தேடப்படவேண்டியவர்களுள் ஒருவர் என்பதே எம் கருத்து. தமையனாருக்கு வந்ததுபோன்ற கடிதம் இங்கே அவருக்கு வராது. அப்படி வீடுதேடி அழைக்கும் திட்டம் இந்நாட்டில் இல்லை. ஆகவே அவரே போகவேண்டும். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து நேராகப் படம்பிடிக்கும் இடத்துக்குப் போகவேண்டாம். அரசினர் வைத்தியசாலையில் நெஞ்சுநோய்ப் பிரிவில் உள்ள வைத்தியரிடம், அல்லது உங்களுக்குப் பழக்கமான வைத்தியரிடம் முதலிற் போங்கள். குறைந்த கதிர்ப் படமா, யார் அதனைப் பார்த்துச் சொல்வார், சிறிய நிழல் ஒன்று தெரிந்தால் அடுத்த படம் எப்போது, அதற்குரிய செலவு என்ன என்று படத்துக்கு முன்னரே கேளுங்கள். பின்னர் கேட்டால், பயத்தில் எதற்கும் தலையாட்டுவீர்கள். ஒருமுறை எடுத்து நிறுத்துவதும் இதில் உதவாது. ஆராய்ச்சிகளிற் பயன் தந்தது குறித்த கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் எடுத்ததே. வேறு கடும் நோய் இருந்து சத்திரசிகிச்சைக்கு உடம்பு தாங்காதென்றால், படம் எடுத்தும் பயனில்லை. சந்தைக்குச் சைக்கிளிற் போகிறவருக்கு அந்தக் கவலை இராது என்று நினைக்கிறோம்.

இவையெல்லாம் அறிகுறி இல்லாதவருக்கு. மூன்று கிழமைக்கு மேல் விடாத இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி மெலிதல், புதிதாகக் குரலடைத்தல் என்று ஏதேனும் இருந்தால், பெட்டியாண்டும் வேண்டாம், வயதும் வேண்டாம். அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். புகைபிடியாதவர்களுக்கும் இது பொருந்தும்.

போகுமுன் ஒரு தாளில், எந்த வயதில் தொடங்கினார், நாளுக்கு எத்தனை, இடையில் எப்போது விட்டுத் திரும்பத் தொடங்கினார், எந்த மாதத்தில் அடியோடு விட்டார், கசநோய் வந்ததுண்டா, உறவினருள் யாருக்கேனும் இந்நோய் வந்ததா என்பவற்றை எழுதுங்கள். அவர் சொல்லும் எண்ணிக்கையுடன் நீங்கள் அறிந்த எண்ணிக்கை ஒத்துவராவிட்டால், வைத்தியர் முன்னிலையில் அதைப் பற்றி வாதாடாமல் பெரிய எண்ணிக்கையையே எழுதிவிடுங்கள். அத்துடன் அலுமாரியின் மேல்தட்டிலும் பழைய றங்குப் பெட்டியிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். உத்தியோகத்துக்குச் சேரும்போதோ, விசாவுக்கென்றோ, நெடுநாள் இருமலுக்கென்றோ எடுத்த எக்ஸ்றே படம் ஒன்று எங்கேனும் மடங்கிக் கிடக்கும். எவ்வளவு பழையதாயினும் எடுத்துத் துடைத்து, உறையில் இட்டுக் கொண்டுபோங்கள். புதிய படத்திலே ஒரு நிழல் தெரிந்து, அதே நிழல் அதே அளவில் அந்தப் பழைய படத்திலும் இருக்குமாயின், வைத்தியர் இரண்டையும் வெளிச்சத்தில் அருகருகே பிடித்துப் பார்த்துவிட்டு, உங்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும்.